யான்ஷி அரண்மனையின் கதை: பார்க்கும் முன்பும் பார்த்த பின்பும் எழும் கேள்விகள்

இந்தச் சீனத் தொடரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை தூக்கத்தைத் தொலைத்துவிட்டு. இரண்டாம் முறை பிற்பாதியைப் பாதிக்கு மேல் ஓட்டிவிட்டு. இரண்டுமே இந்தத் தொடரைப் பற்றிய என் கருத்துதான். பார்க்க நினைப்பவர்களும் பார்த்து முடித்துச் சண்டைக்கு வந்தவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்தாம் கேள்வியிலிருந்து கதையின் முடிச்சுகள் அவிழும். யார் சாகிறார்கள் என்பது உட்பட. தெரியாமல் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. கதை என்ன?

சியான்லோங் பேரரசர் ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அதாவது 1741. பீஜிங் அரண்மனையின் எம்பிராய்டரி பட்டறைக்குப் புதிதாக ஒரு பணிப்பெண் வந்து சேர்கிறாள். பெயர் வெய் யிங்லுவோ. முன்பு அதே அரண்மனையில் வேலை பார்த்த அவளுடைய அக்கா மர்மமான முறையில் இறந்திருக்கிறாள். காரணமானவன் யார் என்று கண்டுபிடித்துப் பழிதீர்க்கத்தான் தங்கை ஊசியும் நூலுமாக உள்ளே நுழைகிறாள். சந்தேகம் முதலில் பேரரசியின் தம்பி ஃபூஹெங் மேல் விழுகிறது. அவனை நெருங்குவதற்காகப் பேரரசியின் மாளிகைக்கே வேலைக்குப் போகிறாள். அங்கிருந்து படிப்படியாக, அவளே அந்தப்புரத்தின் உச்சியில் போய் உட்காருவதுதான் மீதிக் கதை.

2. எழுபது எபிசோடுகளா? அவ்வளவு பொறுமை வேண்டுமா?

ஆமாம், எழுபது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். மொத்தம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல். ஆனால் முதல் நாற்பது எபிசோடுகள் பொறுமையைக் கேட்பதில்லை. ஒரு சூழ்ச்சி தொடங்கினால் இரண்டு மூன்று எபிசோடுகளில் தீர்ந்துவிடும். அழுது புலம்பி ஒரே வாசலில் பத்து நாள் நிற்கும் பழக்கம் இதில் இல்லை. 2018 ஜூலை 19 அன்று ஐசியி இணையதளத்தில் தொடங்கி ஆகஸ்ட் 26 அன்று முடிந்தது. அதற்குள் 1,500 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டதாக அந்தத் தளம் கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு உலக அளவில் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட தொடரும் இதுவே.

3. பெயர்களும் பட்டங்களும் தலைசுற்ற வைக்கின்றனவே?

முதல் மூன்று எபிசோடுகளுக்கு எல்லோருக்கும் சுற்றும். ஏணியைத் தெரிந்துகொண்டால் போதும். உச்சியில் பேரரசி, ஒருத்தி. அவருக்கு அடுத்து ஹுவாங்குய்ஃபெய், ஒருத்தி. பிறகு குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், ‘பின்’ என்ற பட்டத்தில் அறுவர். அதற்கும் கீழே குய்ரென், சாங்சாய், டாயிங். இவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. மேல்தட்டில் இடங்கள் எண்ணிவைத்திருப்பதால், ஒருத்தி ஏற வேண்டுமானால் பெரும்பாலும் இன்னொருத்தி இறங்க வேண்டும். தொடரின் சண்டை எல்லாமே இந்தக் கணக்குதான்.

காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் இன்னொரு சுவை கிடைக்கும். பணிப்பெண்கள் தங்களை ‘நுபி’ என்று சொல்லிக்கொள்வார்கள். அடிமைப்பெண் என்று பொருள். ஏறத்தாழ நம்முடைய ‘அடியேன்’. மேலே இருப்பவரை ‘நியாங்நியாங்’ என்பார்கள். யிங்லுவோ பட்டம் பெற்ற பிறகு அவளுடைய ‘நுபி’ மறைந்துபோகிறது. வசனத்தில் நேரும் அந்த ஒரு சொல் மாற்றத்தைக் கவனித்தால் அவள் எங்கே வந்து நிற்கிறாள் என்பது விளங்கிவிடும்.

4. உடையையும் நிறத்தையும் ஏன் எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்கள்?

புகழத்தான் வேண்டும். இதைத் தயாரித்த யூ ஜெங்கின் பழைய அரண்மனைத் தொடர்கள் கண்ணைக் கூசவைக்கும் நிறங்களுக்காகவே கேலி செய்யப்பட்டவை. ரோஜாச் சிவப்புக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, அதன் மேல் ஊதா என்று பொங்கல் துணிக்கடை போல இருக்கும். அதே மனிதர் இங்கே சாம்பல் கலந்த நீலம், வாடிய இலைப்பச்சை, தேயிலைப் பழுப்பு என்று அடங்கிவிட்டார். இத்தாலிய ஓவியர் மொராண்டியின் நிறங்கள் என்று சீன ரசிகர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

நிறம் மட்டும் அல்ல. பேரரசி தலையில் சூடும் பூக்களைப் பாருங்கள். அவை பட்டு இழையைக் கம்பியில் முறுக்கிச் செய்யும் ‘ரோங்ஹுவா’ என்ற வெல்வெட் பூக்கள். நான்ஜிங் நகரின் கைவினைஞர் ஜாவ் ஷூஷியன் இந்தத் தொடருக்காகச் செய்து கொடுத்தவை. கொஞ்சம் பேர் மட்டுமே கற்றுவைத்திருந்த அந்தக் கலை, தொடர் ஓடிய சில வாரங்களில் நாடெங்கும் பேச்சானது. ஒரு காதில் மூன்று தோடு அணியும், அரச குலத்தாரான மஞ்சு இனத்தாரின் வழக்கத்தையும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். அரண்மனைப் படங்களில் வழக்கமாகப் பெண்கள் தலையில் ஒரு கறுப்புப் பலகையைச் சுமந்துகொண்டு திரிவார்கள் அல்லவா? அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால நாகரிகம். இங்கே தலையை ஒட்டிய சிறிய கொண்டைதான், காலத்துக்குப் பொருந்துகிறது. ஆண்களின் சடை விஷயத்தில் அந்த அக்கறை இல்லை. பாதித் தலை சிரைத்த பிற்காலச் சடையை எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். கதாநாயகன் அழகாகத் தெரிய வேண்டுமே!

கைத்தொழில் வெறும் அலங்காரமாக நிற்காமல் கதைக்குள் வேலை செய்வது இன்னும் பெரிய பலம். முதல் எபிசோடிலேயே, உடன் வந்த பெண்ணொருத்தியைத் துன்புறுத்திய ஒரு செருக்குக்காரியின் காலணி அடியில் யிங்லுவோ தாமரையைச் செதுக்கித் தருகிறாள். நடந்தால் தரையில் மாவுத் தாமரைகள் பூக்கும்; பேரரசர் மயங்கிவிடுவார் என்று அந்தச் செருக்குக்காரி நம்புகிறாள். பேரரசருக்கோ, பொன் தாமரைகள் மேல் தன் ஆசைநாயகியை நடக்கவிட்டு நாட்டைக் கெடுத்த பழங்காலத் தென் சி வம்ச அரசனின் கதை நினைவுக்கு வருகிறது. செருக்குக்காரி வெளியே. படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு காலணியில் முடிந்துவிடுகிறது.

5. காதல் தொடர் என்கிறார்கள். யாருக்கும் யாருக்கும் காதல்?

இதற்கு விளம்பரம் சொல்லும் பதில் வேறு, தொடர் காட்டும் பதில் வேறு.

விளம்பரப்படி யிங்லுவோவுக்கு இரண்டு ஆண்கள். ஒருவன் ஃபூஹெங். நேர்மையானவன், அழகன், அவளுக்காகத் தன் வாழ்க்கையையே கெடுத்துக்கொள்பவன். அவளைக் காப்பாற்றுவதற்காகவே, பேரரசர் விரித்த வலையில் விழுந்து எர்ச்சிங் என்ற இன்னொருத்தியை மணக்கச் சம்மதிக்கிறான். அந்த நாளில் யிங்லுவோ தண்டனையாகக் கொட்டும் பனியில் மூன்றடிக்கு ஒருமுறை தலை தரையில் படக் கும்பிட்டுக்கொண்டே அரண்மனையைச் சுற்றுகிறாள். கல்லையும் கரைக்கும் காட்சி. மற்றவர் பேரரசர். முதலில் அவளைப் பிடிக்காது, பிறகு பிடிக்காததுபோல் நடிப்பார், பிறகு நடிக்கவும் முடியாது. இவர்களுக்குள் நடப்பது காதலைவிடப் பூனை எலி ஆட்டத்துக்கு நெருக்கம். சிரிப்புக்குக் குறைவில்லை. ‘ஆண்கள் எல்லாம் பெரிய பன்றிக்கால்’ என்ற கிண்டல் அந்தக் கோடையில் சீன இணையம் முழுக்கப் பரவியதே, அது அதிகம் விழுந்தது இவர் தலையில்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் தொடரில் முழுமையாக எழுதப்பட்ட அன்பு ஒன்றுதான்: பேரரசி ஃபுச்சா ரோங்யினுக்கும் யிங்லுவோவுக்கும் இடையிலானது. கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காத ஒரு முரட்டுப் பெண்ணைப் பேரரசி பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தருகிறார். கோபத்தில் தவறு செய்தால் கண்டிக்கிறார், பிறகு அவளுக்காகவே வெளியே போய்ப் பேசுகிறார். யிங்லுவோ வாழ்க்கையில் அம்மா இல்லை, அக்கா செத்துப்போனாள், அந்த இரண்டு இடத்திலும் இவர் வந்து உட்காருகிறார். பேரரசிக்கோ, மஞ்சள் கூரைகளுக்கு வெளியே தான் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை இந்தப் பெண் வடிவில் நடமாடுகிறது. ஆண்கள் இருவரும் அவளை விரும்புகிறார்கள். அவளை வளர்த்தவர் பேரரசி மட்டும்தான். பிற்பாடு யிங்லுவோ பேரரசரின் மனைவியாவதுகூட அவர் மேல் கொண்ட ஆசையில் தொடங்கவில்லை. பேரரசியின் சாவுக்குக் கணக்குத் தீர்க்கத்தான். காதல் தொடர் என்று நினைத்து உட்காருபவர்கள் ஏமாறும் இடமும், நான் நெகிழ்ந்த இடமும் இது ஒன்றே.

6. கதாநாயகி ஏன் இவ்வளவு பிடித்துப்போனாள்?

அதற்கு முன் வந்த அந்தப்புரத் தொடர்களில் நாயகி முதல் பாதி முழுக்க அடி வாங்குவாள். அழுவாள். குழந்தையைப் பறிகொடுப்பாள். பிறகுதான் பல் முளைக்கும். யிங்லுவோவுக்குப் பல் முதல் நாளிலேயே இருக்கிறது. அடித்தால் அன்று மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வெள்ளைத் தாமரை என்று நல்ல நாயகிகளைக் கேலி செய்யும் சீன ரசிகர்கள் இவளுக்குக் ‘கறுந்தாமரை’ என்று பட்டம் தந்தார்கள். அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாமல் வீடு திரும்பும் ஒருவருக்கு இவளைப் பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

7. அப்படியானால் குறையே இல்லையா?

அந்த நிறையேதான் குறையும். தொடரின் சீனப் பெயரைப் பாருங்கள்: ‘யான்ஷி கோங்லுவே’. கோங்லுவே என்பது வீடியோ கேம் ஆடுபவர்கள் பயன்படுத்தும் சொல். எந்த மட்டத்தை எப்படித் தாண்டுவது என்று சொல்லும் வழிகாட்டி. கதையும் அப்படியே கட்டப்பட்டிருக்கிறது. பட்டறையில் ஒரு எதிரி, தாண்டினாள். காவ் குய்ஃபெய், தாண்டினாள். அடுத்தவர், தாண்டினாள். அவள் தோற்கமாட்டாள் என்று பத்தாவது எபிசோடில் தெரிந்துவிடுவதால், அவள் கழுத்தில் கத்தி வைத்தாலும் நமக்குப் பதற்றம் வருவதில்லை. எப்படித் தப்பிப்பாள் என்ற ஆர்வம் மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த ‘எப்படி’க்காக எழுத்தாளர் சில இடங்களில் இயற்கையையே வேலைக்கு அமர்த்துகிறார். அக்காவின் சாவுக்குக் காரணமான யூ தாய்ஃபெய், முந்தைய பேரரசரின் மனைவி, தலையில் மின்னல் விழுந்து சாகிறார். அதுவும் யிங்லுவோ கேட்ட நேரத்தில்! பின்னால் உலோகக் கம்பியை வைத்து ஏதோ ஒரு விளக்கம் வருகிறது. நான் சிரித்துவிட்டேன். வரலாற்றில் அந்த அம்மையார் 1785 வரை, தொண்ணூறு வயது தாண்டி நிம்மதியாக வாழ்ந்தவர்.

பெரிய குறை நாற்பதாவது எபிசோடுக்குப் பிறகு தொடங்குகிறது. பேரரசி தன் குழந்தையையும் இழந்து, மதிலில் ஏறிக் குதித்துவிடுகிறார். அத்தோடு தொடரின் நங்கூரமும் போய்விடுகிறது. வெல்ல வேண்டும் என்பதைத் தவிர யிங்லுவோவிடம் வேறு நோக்கம் தெரிவதில்லை. புது எதிரிகள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். எந்த இனம், எந்த ஊர், என்ன வஞ்சம் என்று புரியாத ஷுன் என்ற ஒரு பேரழகி கடைசிக் கட்டத்தில் திடீரென்று நுழைந்து, வந்த வேகத்தில் ஒதுங்குகிறார். நண்பனாக இருந்து பகைவனாகும் யுவான் சுன்வாங் என்ற காயடிக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர், தான் அரச ரத்தம் என்று சொல்லத் தொடங்கும்போது கதை காற்றில் பறக்கிறது. தோழி மிங்யூவின் முடிவு மட்டும் பிற்பாதியில் உண்மையாக வலிக்கிறது. திருமணத்தை எதிர்நோக்கி இருந்தவள், உடலுக்குள் செருகப்பட்ட ஊசிகளோடு இனி வாழ முடியாது என்று தெரிந்து தானே போய்விடுகிறாள். யிங்லுவோவால் தாண்ட முடியாமல் போன ஒரே மட்டம் அது.

எர்ச்சிங்கையும் சொல்ல வேண்டும். அடக்கமான பணிப்பெண்ணாக இருந்தவள் திருமணமானதும் கொடுமைக்காரியாகிறாள். காரணங்களைக் காட்டுகிறார்கள்; ஆனால் அவை கொடுமையின் அளவுக்குப் போதவில்லை.

8. நடிப்பு?

யிங்லுவோவாக வரும் வு ஜின்யான் அதுவரை அதிகம் அறியப்படாதவர். கண்ணில் குறும்பு இருக்கிறது, உடலில் விறைப்பு இருக்கிறது. அழும் காட்சிகளில் கொஞ்சம் தடுமாறுகிறார். பேரரசி சின் லான், குரலை உயர்த்தாமலேயே தொடரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காவ் குய்ஃபெயாக டான் ஜுவோ வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவேன். மேடை நாடகப் பாட்டில் பித்துக்கொண்ட அந்தக் கொடுமைக்காரிக்குள் அன்பு கிடைக்காத ஒரு குழந்தை தெரியும்.

எல்லோருக்கும் மேலே நாரா ஷூஷெனாக வரும் சார்மெய்ன் ஷே. ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி 2004இல் வெளியிட்ட, அந்தப்புரச் சூழ்ச்சித் தொடர்களுக்கு வழி திறந்த தொடரிலேயே நடித்தவர் அவர். நல்லவளாக இருந்தால் போதும் என்று நம்பி, தம்பியையும் பெற்றோரையும் இழந்த பிறகு புன்னகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் பெண். பிற்பாதியை ஓட்டாமல் பார்க்க ஒரு காரணம் வேண்டுமானால் இவர்தான்.

பேரரசராக நியே யுவான், ஃபூஹெங்காக ஷூ காய். முன்னவருக்கு நகைச்சுவை கைவருகிறது. பின்னவருக்கு முகம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

9. இதைப் பார்ப்பதா, ‘ரூயி’யைப் பார்ப்பதா?

இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே பேரரசர், ஒரே பெண்கள். ரூயியின் தொடர் 87 எபிசோடுகள். 2018 ஆகஸ்ட் 20இல் தொடங்கியது. இதில் வில்லியாகும் நாரா அரசிதான் அதில் நாயகி, நடித்தவர் ஜோ சுன். இதில் நாயகியான வெய் குலப் பெண் அதில் நெஞ்சு நடுங்கவைக்கும் வஞ்சகி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே வழக்கில் இரு தரப்பு வக்கீல்களும் வாதாடுவதைக் கேட்டதுபோல் இருக்கும். யான்ஷியில் வேகம், ரூயியில் ஆழம். ஒரு திருமணம் மெல்ல மெல்ல அழுகுவதைப் பார்க்கும் திடம் இருந்தால் ரூயி. களைத்துப்போய் வீடு திரும்பும் நாட்களுக்கு யான்ஷி.

எழுத்து என்று பார்த்தால் இரண்டையும்விட மேலே நிற்பது 2011இல் வந்த 76 எபிசோடு ‘ஜென்ஹுவான்’ தொடர். சுன் லி நடித்தது. அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் கொஞ்சம் சப்பென்று தோன்றும். ஆகவே கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

10. சீனாவிலேயே எதிர்ப்பு வந்ததாமே?

வந்தது. 2019 ஜனவரியில் பீஜிங் நாளிதழ் இத்தகைய அரண்மனைத் தொடர்களைத் தாக்கி எழுதியது. அரச வாழ்க்கையின் ஆடம்பரத்தை ஆசைகாட்டுகின்றன, சூழ்ச்சியைக் கற்றுத்தருகின்றன, இன்றைய நாயகர்களை விட்டுவிட்டுப் பழைய பேரரசர்களைப் போற்றுகின்றன என்பவை குற்றச்சாட்டுகளில் சில. அதைத் தொடர்ந்து யான்ஷி, ரூயி இரண்டும் சில தொலைக்காட்சி அலைவரிசைகளிலிருந்து காணாமல் போயின. சூழ்ச்சியைக் கற்றுத்தருகிறது என்பதில் பாதி உண்மை உண்டு என்பேன். பழிவாங்குவதற்கு இந்தத் தொடர் எந்த இடத்திலும் கூச்சப்படுவதில்லை. ஆனால் அந்தப்புரத்தை ஆசைகாட்டுகிறது என்பதை ஏற்க முடியாது. மதிலில் ஏறி நின்ற பேரரசியைப் பார்த்தபின் யாருக்கு அங்கே குடியேற ஆசை வரும்?

11. தயாரிப்பாளர் மேல் கதைத் திருட்டு வழக்கு இருந்ததா?

இந்தத் தொடருக்காக அல்ல. யூ ஜெங்கின் முந்தைய தொடர் ஒன்று தன் கதையைக் களவாடியது என்று தைவான் எழுத்தாளர் சியோங் யாவ் வழக்குத் தொடுத்தார். 2014 டிசம்பரில் பீஜிங் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 50 லட்சம் யுவான் இழப்பீடு விதித்தது. யூ ஜெங் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். தொடரைப் பார்க்கலாம், பாராட்டும்போது இதையும் நினைவில் வைத்திருக்கலாம்.

12. பிள்ளைகளோடு பார்க்கலாமா?

ஆபாசம் இல்லை. ஆனால் சித்திரவதை, தற்கொலை, குழந்தைச் சாவு எல்லாம் உண்டு. பத்து வயதுக்காரருக்கு வேண்டாம்.

13. யான்ஷி அரண்மனை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் தொடரில் பார்ப்பது அது அல்ல. படப்பிடிப்பு ஜெஜியாங் மாகாணத்தின் ஹெங்தியன் ஸ்டுடியோவில் நடந்தது. உண்மையான மாளிகை பீஜிங் அரண்மனையின் கிழக்குப் பக்க ஆறு மாளிகைகளில் ஒன்று. 1845இல் தீயில் எரிந்துபோனது. 1909இல் அதே இடத்தில், தீயே அண்டாதபடி நீர் சூழ்ந்த இரும்பும் சலவைக்கல்லுமான ஒரு கட்டடத்தைத் தொடங்கினார்கள். முடிப்பதற்குள் அரச மரபே முடிந்துவிட்டது. இன்றும் அந்த அரைகுறைக் கட்டடம் அங்கே நிற்கிறது.

14. கடைசியாக: இதில் வரலாறு எவ்வளவு?

ஆட்கள் பலர் உண்மை, நிகழ்ச்சிகள் பல கற்பனை. ஃபுச்சா பேரரசி மதிலிலிருந்து குதிக்கவில்லை. 1748இல், பேரரசரோடு ஷான்டோங் பயணம் போய்த் திரும்பும் வழியில் தெஜோவில் நோயால் இறந்தார். ஜினான் நகரில் நோய் தொடங்கியது என்பதால், பிற்காலப் பயணங்களில் சியான்லோங் அந்த நகருக்குள் நுழையவே இல்லை. தொடரில் வரும் பன்றிக்கால் பேரரசரைவிட இந்த மனிதர் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார். பேரரசி நகைகளைத் தவிர்த்து நாரிலும் வெல்வெட்டிலும் செய்த பூக்களைச் சூடியது குறிப்பேடுகளில் உள்ளதுதான்.

நாரா அரசி தலைமுடியை வெட்டிக்கொண்டது உண்மை. 1765இல், தென்னாட்டுப் பயணத்தின்போது. மஞ்சு வழக்கில் பெண் முடியை வெட்டுவது துக்கத்துக்கு மட்டுமே; ஆகவே அது மன்னிக்க முடியாத செயலானது. அடுத்த ஆண்டு இறந்தபோது பேரரசிக்குரிய மரியாதை எதுவும் தரப்படவில்லை. வேறொரு மனைவியின் கல்லறையில், ஓரமாக வைத்தார்கள். ஃபூஹெங் பர்மாப் போருக்குப் போனதும் உண்மை. ஆனால் நோயோடு தலைநகருக்குத் திரும்பி 1770இல் இறந்தார். அவருக்கும் வெய் குலப் பெண்ணுக்கும் காதல் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

வெய் குலப் பெண்? 1727இல் பிறந்து 1775இல் இறந்தார். உயிரோடு இருந்தவரை பேரரசியாகவில்லை. அவர் மகன் பட்டத்துக்கு வாரிசாக அறிவிக்கப்பட்ட 1795இல்தான் அந்தப் பட்டம் வந்தது, இறந்து இருபது ஆண்டுகள் கழித்து. அவர் இறந்த பிறகு சியான்லோங் எழுதிய ஓர் இரங்கல் கவிதையில், ஃபுச்சா பேரரசியை நினைத்து, பழைய துணை இப்போதும் பக்கத்தில் இருக்கிறாள் என்கிறார். அந்த வரிக்கு அவரே எழுதிய குறிப்பு, வெய் குலப் பெண்ணைப் பேரரசியால் பயிற்றி வளர்க்கப்பட்டவர் என்கிறது. ஹெபெய் மாகாணத்தில் உள்ள சியான்லோங்கின் கல்லறையில், ஒரே நிலவறையில் இருவரையும் வைத்திருக்கிறார்கள்.